கம்பளிப் பொம்மையும் கைப்பேசியும்



கடந்த ரமளானின் ஓர் இரவு. எங்கள் ஊர்ப் பெண்கள் மதரஸாவில் தராவீஹ் தொழுகை நடந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையோரம், கட்டுமாவடி முதல் மீமிசல் வரை அமைந்த ஊர்களுள் எங்களுடையதும் ஒன்று. கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக ஏழெட்டுக் குழந்தைகள் அமர்ந்திருந்தனர். அவர்களுள் மூத்த குழந்தைக்கு ஐந்து வயது இருக்கலாம். முதல் எட்டு ரக்அத்துகள் முடியும்வரை அழுகை இல்லை, ஓட்டம் இல்லை, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறும் குறும்பும் இல்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ஒவ்வொரு மடியிலும் ஒரு கைப்பேசி இருந்தது. ஒலியை அடக்கி வைத்திருந்தார்கள். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு தாய்மார்கள் இடையூறின்றித் தொழுதார்கள். நாங்களும் அவர்களுள் இருந்தோம். எங்கள் வீட்டுக் கைப்பேசியும் அந்த மடிகளுள் ஒன்றில்தான் இருந்தது. உறங்கிப்போன பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு வீடு திரும்பும்போதுதான் அந்த அமைதி எங்களை உறுத்தத் தொடங்கியது. மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் பிள்ளைகளை நாம் எதற்காக அழைத்துச் செல்கிறோம்? அங்கு நடப்பதைக் கண்டும் கேட்டும் பழகட்டும் என்பதற்காக. அந்தப் பிள்ளைகளின் உடல் அங்கே இருந்தது. உள்ளம் வேறெங்கோ இருந்தது.

எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஏற்றுவதானால் முதலில் நாங்களே ஏற வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளை மகிழ்ச்சியாக ஈடுபடுத்தி வைப்பது என்னும் அன்றாடச் சிக்கலுக்கு நம் மார்க்க வரலாற்றிலும் நம் மண்ணிலும் என்ன விடை இருக்கிறது என்று தேடியபோது கிடைத்தவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மதீனத்துத் தாய்மார்கள் செய்தது

இதே சிக்கல் மதீனத்துப் பெண்களுக்கும் இருந்தது. ஆஷூரா நாளின் காலையில், நோன்பு நோற்குமாறு அன்சாரிகளின் ஊர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்தி அனுப்பினார்கள். அதன்பின் தாங்கள் அந்நாளில் நோன்பு நோற்றதையும், தங்கள் சிறுவர்களையும் நோற்கச் செய்ததையும் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிள்ளைகளுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்துவைத்து, எந்தப் பிள்ளையாவது உணவு கேட்டு அழுதால் அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை ஈடுபடுத்தி வைத்ததாக அவர்கள் கூறும் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

சிறு குழந்தைகள் மீது நோன்பு கடமையில்லை என்பது நாம் அறிந்ததே. இந்த அறிவிப்பில் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. பெரியவர்கள் வணக்கத்தில் ஈடுபட வேண்டும். பிள்ளைகளும் உடன் இருக்க வேண்டும். அவர்கள் அழாமலும் இருக்க வேண்டும். இம்மூன்றும் அன்றும் தேவைப்பட்டன. எனவே பிள்ளையை எதிலாவது ஈடுபடுத்தி வைக்க விரும்புவது தாயின் சோம்பலோ குறையோ ஆகாது. ஸஹாபியப் பெண்களே அவ்வாறு விரும்பினார்கள். அதற்கு வீட்டில் கிடைத்த கம்பளியும் அவர்களுடைய கைகளும் போதுமானவையாக இருந்தன. பெரியவர்களின் வணக்கத்திலிருந்து பிள்ளையைப் பிரித்து வேறோர் உலகத்துக்கு அந்தப் பொம்மை கொண்டுசெல்லவில்லை. அவர்களுடைய நாளுக்குள்ளேயே பிள்ளைக்கும் ஓரிடம் தந்தது.

கைப்பேசி நம் வீட்டுக்குள் வந்த வழி

நம் பகுதியில் கைப்பேசி குழந்தையின் கைக்கு வந்த கதையைச் சற்று நியாயமாகப் பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் ஆண்களின் பொருளாதாரத்தில் நிற்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். இவ்வீடுகளின் குழந்தை கைப்பேசியை முதன்முதலில் பார்த்தபோது அதில் விளையாட்டு இல்லை. அத்தாவின் முகம் இருந்தது. அந்தச் சிறு கண்ணாடிக்குள் அத்தா சிரித்தார், பெயர் சொல்லி அழைத்தார், முத்தம் கொடுத்தார். அழைப்பு முடிந்ததும் கண்ணாடி இருண்டது. குழந்தை வீறிட்டு அழுதது. அழுகையை நிறுத்த அதே கண்ணாடியில் ஒரு பொம்மைப் படத்தைப் போட்டுக் கொடுத்தோம். அப்படித்தான் தொடங்கியது.

ஆகவே, கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. நம் வீடுகளில் அது நடவாத காரியம். குழந்தையின் அத்தா அதற்குள் இருக்கிறார். நாம் செய்யக்கூடியது, அத்தாவைப் பார்க்கும் சாளரமாக அது இருக்கட்டும், பொழுதைக் கழிக்கும் தொட்டிலாக இருக்க வேண்டா என்று எல்லை வகுப்பதே.

இந்த எல்லையை மருத்துவ உலகமும் வலியுறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை அறவே வேண்டியதில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை அது மீறக்கூடாது. அதனினும் குறைந்தால் நல்லது. ஒரு வயதைக் கடந்த சிறு பிள்ளைகள் நாள் ஒன்றுக்கு மொத்தமாக 180 நிமிடங்களேனும் ஓடியாடி இயங்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2021இல், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை கூடாது என்று அறிவுறுத்தியது. குடும்பத்தாருடன் பேசும் காணொளி அழைப்புக்கு மட்டும் அது விலக்களித்தது. நம் வீடுகளுக்கு அந்த விலக்கு எவ்வளவு ஆறுதலானது!

பெட்டிக்குள் வந்த காரும், கார் வந்த பெட்டியும்

கைப்பேசிக்கு மாற்று என்றவுடன் விலை உயர்ந்த பொம்மைகளை நோக்கி நம் மனம் ஓடுகிறது. விடுப்பில் வரும் அத்தா, தூரத்திலிருந்தே இயக்கும் கார் ஒன்றை வாங்கி வருகிறார். இரண்டு நாள் கூடத்தில் அது சுற்றுகிறது. மூன்றாம் நாள் சக்கரத்தில் மண் சிக்குகிறது. நான்காம் நாள் மின்கலம் தீர்கிறது. ‘உடைத்துவிடுவாய்’ என்ற எச்சரிக்கையோடு அது அலமாரியின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்படி ஏறிய கார் இன்றும் அங்கேயே இருக்கிறது. அந்தக் கார் வந்த அட்டைப் பெட்டியோ மூன்று வாரம் விளையாட்டில் இருந்தது. ஒரு நாள் அது படகு; மறுநாள் ஆட்டுக் கொட்டில்; இன்னொரு நாள் விமானம். அந்த விமானத்தில் அத்தா ஊருக்கு வந்தார்.

இதற்குக் காரணம் உண்டு. சைமன் நிக்கல்சன் என்பவர் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குழந்தையின் கற்பனையும் கண்டுபிடிப்பும் அதன் சுற்றுப்புறத்தில் மாற்றியும் நகர்த்தியும் சேர்த்தும் பார்க்கக்கூடிய பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தவை என்று வாதிட்டார். கார் எப்போதும் காராகவே இருக்கிறது. பெட்டியோ எதுவாகவும் ஆகிறது. காரில் யோசிக்க வேண்டியதையெல்லாம் அதைச் செய்தவரே யோசித்து முடித்துவிட்டார்; பெட்டியில் அந்த வேலை குழந்தைக்கென மிச்சமிருக்கிறது.

இன்னொரு காரணத்தையும் நாம் மறைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பொம்மை வந்த வீட்டின் வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை நிற்கிறது. அதன் அத்தா கடலுக்குப் போகிறவர். அல்லது தறியிலோ தோப்பிலோ கூலிக்கு உழைப்பவர். தொட்டுப் பார்க்கவும் அனுமதியில்லாத அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் கண்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். வீண் விரயத்தையும் பெருமையடித்தலையும் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. ஓலையால் செய்த காற்றாடிக்கு விலையில்லை. அதனால் அதில் பெருமையும் இல்லை, ஏக்கமும் இல்லை. ஒன்று செய்யும் நேரத்தில் இரண்டு செய்துவிடலாம்.

நான்கு கேள்விகள்

அபூதாவூதில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்வை நாம் பலமுறை கேட்டிருப்போம். போரிலிருந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பியிருந்த வேளை. ஆயிஷா (ரலி) அவர்களுடைய சிற்றறையின் திரையைக் காற்று விலக்கியது. உள்ளே அவர்களுடைய பொம்மைகள் தெரிந்தன. இவை என்ன என்று நபியவர்கள் கேட்டார்கள். பொம்மைகளுக்கு நடுவில் துண்டுத் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. நடுவில் இருப்பது என்ன என்று கேட்டார்கள். குதிரை என்று பதில் வந்தது. அதன்மேல் இருப்பவை என்ன என்று கேட்டார்கள். இறக்கைகள் என்றார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்து கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

குழந்தைகளின் பொம்மை கூடுமா, கூடாதா என்ற விவாதத்தில் அனுமதிக்கான சான்றாக இந்த நிகழ்வை ஆலிம்கள் பலர் எடுத்துக்காட்டுவர். பேணுதலுக்காக முக அடையாளம் இல்லாத துணிப் பொம்மையைச் செய்துகொள்வோரும் உண்டு; அதனால் விளையாட்டு எவ்விதத்திலும் குறைந்துபோவதில்லை. நாங்கள் கவனப்படுத்த விரும்புவது அந்தச் சட்டத்தை அன்று, அந்தக் கேள்விகளை. போர்க்களத்திலிருந்து களைத்துத் திரும்பிய ஒருவர், ஒரு சமுதாயத்தின் தலைவர், கந்தல் துணிக் குதிரையின் முன் நின்று நான்கு கேள்விகள் கேட்டார்கள். புதிய பொம்மை எதையும் வாங்கித் தரவில்லை. இருந்த பொம்மையைப் பெரிதாக்கினார்கள்.

அபூ உமைர் என்று அழைக்கப்பட்ட சிறுவர், விளையாடி மகிழ்ந்த தம் குருவி இறந்ததால் வாடியிருந்தபோதும், அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று அவரிடமே நபியவர்கள் கேட்டார்கள். அங்கும் ஒரு கேள்விதான்.

நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவே: குழந்தையை நிறைவாக ஈடுபடுத்துவதற்கு இரண்டு தேவை. அதன் கையால் மாற்றக்கூடிய எளிய பொருள் ஒன்று. அதைப் பற்றி அக்கறையோடு கேட்கும் பெரியவர் ஒருவர். முதலாவதற்குப் பணம் வேண்டியதில்லை. இரண்டாவதைப் பணத்தால் வாங்க முடியாது.

நம் மண்ணில் கிடைப்பவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை நம் மாவட்டம் மறக்காது. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பெரியவர்களுக்கு அவை கண்ணீர் நாள்கள். அதை இனிமையாக்கிச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் ஒன்றைக் கண்டோம். கைப்பேசிகள் மின்னூட்டமின்றிக் கிடந்த அந்நாள்களில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நன்னா ஒருவர், விழுந்து கிடந்த ஓலையில் காற்றாடியும், குரும்பையிலும் ஈர்க்கிலும் வண்டியும் செய்து கொடுத்தார். அந்த அறிவு அவருடைய கைகளில் அத்தனை ஆண்டுகள் உறங்கிக் கிடந்திருக்கிறது. நாம் கேட்டதே இல்லை. புயல் வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கைகளிடம் கற்றவற்றையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்தவற்றையும் வயது வாரியாகச் சொல்கிறோம்.

தவழும் குழந்தைக்குப் பழைய கைலியே பெரும் செல்வம். கிழிந்த பருத்திக் கைலியைப் பட்டைகளாகக் கிழித்து இறுகச் சுருட்டி, வெளியே ஒரு துணியால் மூடித் தைத்தால் பந்து ஆயிற்று. அது வெகுதூரம் உருண்டோடாது. தவழ்ந்து எட்டும் தொலைவில் நின்றுவிடும். சுவரில் பட்டாலும் எவர் மீது பட்டாலும் வலிக்காது. வாயகன்ற கூடை ஒன்றில் மரக்கரண்டி, எவர்சில்வர் கிண்ணம், சுத்தமான தேங்காய்த் தொட்டி, கர்ச்சீப் துணி என நாலைந்து பொருள்களைப் போட்டு முன்னால் வைத்தால், எடுத்து, தட்டி, வாயில் வைத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து அரை மணி நேரம் அது ஆராய்ச்சியில் இருக்கும். நாலைந்து போதும், கூடை நிறைந்தால் கவனம் சிதறும். நான்கு நாளுக்கு ஒருமுறை பொருள்களை மாற்றினால் பழைய கூடை புதிய கூடையாகிவிடும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் போடுவதும் எடுப்பதும்தான் உலகம். பால்மாவு டப்பாவின் மூடியில் அகலமாக ஓர் ஓட்டை வெட்டி, துணிப் பட்டைகளை உள்ளே திணித்துக் கொடுங்கள்; ஒவ்வொன்றாக இழுத்து எடுப்பதில் எத்தனை இன்பம்! ரமளான் முடிந்ததும் நம் வீடுகளில் பேரீச்சம்பழ அட்டைப் பெட்டிகள் குவிகின்றன. அவற்றை எடைக்குப் போடாமல் பத்துப் பெட்டிகளைச் சேர்த்துவைத்தால், அடுக்கிச் சரிக்கும் கட்டைகளாக ஆண்டு முழுவதும் உதவும். ஒன்றில் கயிறு கட்டினால் வண்டி.

மூன்று வயதைக் கடந்தவர்களுக்கு நம் ஊரே ஒரு பட்டறை. பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை மெல்ல அழுத்தினால் பீப்பீ. நுங்கு தின்ற இரண்டு கோந்தைகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளினால் நுங்கு வண்டி. இரண்டு கொட்டாங்கச்சிகளில் மும்மூன்று துளையிட்டுக் கயிறு கட்டி, நேரான ஒரு குச்சியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, நடுவில் பிடிகயிறு கட்டினால் தராசு. அந்தத் தராசு இருந்தால் கடை வைக்கலாம். மணல் சர்க்கரையாகும், கூழாங்கல் உருளைக்கிழங்காகும். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்யக்கூடாது என்ற குர்ஆனின் போதனையை இந்தக் கடையில் சொல்வதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? இரண்டு காகிதக் கோப்பைகளின் அடியில் துளையிட்டு நூலால் இணைத்து, நூல் விறைப்பாக இருக்குமாறு விலகி நின்று பேசினால் குரல் அந்த நூல்வழி நடந்துவரும். தொய்ந்தால் வராது, ஏன் என்று பிள்ளையே கேட்கும். குரலின் அதிர்வு விறைத்த நூலில்தான் ஓடும் என்று அதற்குக் காட்டிவிடலாம்.

மாவைப் பிசைந்து உருவம் செய்ய வைக்கும் பழக்கம் இப்போது பரவியுள்ளது. உண்ணும் பொருளை விளையாட்டில் வீணாக்கத் தயங்குவோருக்குக் கண்மாய்க் களிமண் இருக்கிறது. கல்லும் கண்ணாடித் துண்டும் நீக்கி, ஊறவைத்துப் பிசைந்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் பல நாள் இளகியே இருக்கும். சட்டி, அடுப்பு, படகு, பள்ளிவாசல் மினாரா என எல்லாம் அதிலிருந்து எழும்பும்.

இவ்வகைப் பொருள்களைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டா. கான்பூர் ஐஐடியில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா என்பவர், தீக்குச்சி, சைக்கிள் வால்வுக் குழாய், பழைய செய்தித்தாள், காலிப் புட்டி ஆகியவற்றால் நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கி, அவற்றின் வழியே இந்தியா முழுவதும் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தார். அதற்காகவே 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எளிமை வேறு, அசட்டை வேறு

வீட்டில் செய்தது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவான அகலமுள்ள எதையும் தனியே கொடுக்கக் கூடாது. புளியங்கொட்டை, சோழி, பொத்தான், புட்டி மூடி, ஊதாத பலூன் ஆகியவை தொண்டையை அடைக்கக்கூடியவை. ஒரு சாணுக்கு மேற்பட்ட கயிறும் நூலும் கழுத்தைச் சுற்றக்கூடும். அவற்றைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டும் கொடுத்து, பின்னர் எடுத்து வைத்துவிட வேண்டும். முள், ஈர்க்கு, கத்தி ஆகியவற்றின் வேலையைப் பெரியவரே செய்ய வேண்டும். நீர் விளையாட்டில் ஒரு வாளித் தண்ணீரும் ஆபத்தே. ஒரு நிமிடமும் அகலக் கூடாது.

கடையில் வாங்குவதானாலும் விழிப்பு தேவை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை நம் நாட்டில் கட்டாயம். பொத்தான் வடிவச் சிறு மின்கலம் உள்ள பொம்மைகளை மிகவும் அஞ்ச வேண்டும். அதை விழுங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நேரம் எங்கே?

‘கணவர் வெளிநாட்டில், மாமியாருக்கு முழங்கால் வலி, அடுப்படி, துணி, கடைத்தெரு எல்லாம் ஒருத்தி. இதில் பொம்மை செய்ய நேரம் எங்கே?’ என்று சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் அனுபவத்தில் விடை எதிர்த் திசையில் இருந்தது. பெரும்பாலான நாள்களில் எதையும் செய்ய வேண்டியதே இல்லை. நாம் செய்யும் வேலையில் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும். நாம் வெங்காயம் உரிக்கும்போது அதற்குப் பூண்டுத் தோல்; நாம் துணி மடிக்கும்போது அதற்குக் கைக்குட்டைகள்; நாம் கீரை ஆயும்போது அதற்குத் தண்டுகள். வேலை சற்று நீளும்; உண்மைதான். ஆனால் கைப்பேசியைப் பிடுங்கிய பிறகு வரும் அழுகைக்குச் செலவாகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். இது தாயின் தலையில் மட்டும் சுமத்த வேண்டியதுமன்று. வீட்டில் நன்னியும் நன்னாவும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் அத்தாமார்கள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தேநீர்க் கடையில் கழிக்கும் பொழுதில் கால் மணி நேரத்தை ஒதுக்கினால் போதும்.

‘நாங்கள் போட்டுக் கொடுப்பது அரபு எழுத்துகளும் சூராக்களும்தானே?’ என்பது இன்னொரு கேள்வி. ஓதல் காதில் விழுவது நன்மையே. ஆயினும் இரண்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்குத் திரை திரைதான். தாயின் வாயசைவைப் பார்த்து, தட்டுத் தடுமாறி, தவறாகச் சொல்லி, திருத்தப்பட்டுக் கற்கும் சூராவுக்கு அது ஈடாகாது.

சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் மறுகோடிக்குச் சென்றுவிடும் பெற்றோரும் நம்மிடம் உண்டு. ஃபஜ்ருக்குப் பின் மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் தனி வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம். கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், பாடம் முடிந்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் களைப்பாற விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் வருத்துவது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கச் செய்யும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னது நம் வீட்டு வாசலைப் பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது.

அடுத்த ரமளானுக்கு முன்

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துப் பெண்களின் கையில் எழுதுகோலையும் சைக்கிளையும் கொடுத்தது. ஊர் சேர்ந்தால் பழக்கம் மாறும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். ஆகவே ஜமாஅத்துகளிடமும் பெண்கள் மதரஸாக்களிடமும் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறோம். பெண்கள் தொழும் இடத்தில் ஒரு பெட்டி வையுங்கள். அதில் துணிப் பந்துகள், முகமில்லாத துணிப் பொம்மைகள், பேரீச்சம்பழப் பெட்டிகள், பழைய தாள்கள், ஒன்றிரண்டு கூடைகள் இருக்கட்டும். தாய்மார் வீட்டுக்கு ஒன்றாகச் செய்து போட்டால் ஒரு வாரத்தில் நிறைந்துவிடும். முறைவைத்து ஒரு சகோதரி, தொழுகை கடமையில்லாத நாளில் இருப்பவராகவும் இருக்கலாம், அந்தக் குழந்தைகளோடு அமரட்டும். சற்றுச் சத்தம் வரும். வரட்டும். ஸஜ்தாவில் இருந்த நபி (ஸல்) அவர்களின் முதுகில் பேரப்பிள்ளை ஏறியபோது, அதுவாக இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டிய வழிமுறை நம்முடையது.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பிள்ளையை அழைக்கும்போது, என்ன வாங்கி வரட்டும் என்று கேட்காதீர்கள். இன்று என்ன செய்தாய், காட்டு என்று கேளுங்கள். அட்டைப் பெட்டியைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுவந்து காட்டும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இது என்ன என்று கேளுங்கள். கார் என்று சொன்னால், எங்கே போகிறது என்று கேளுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். காருக்கு இறக்கை வைத்திருந்தால் வியந்து சிரியுங்கள். ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்தும் நிறைவேற்றக்கூடிய சுன்னத் அது.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு நிழலாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.